அரை மாத்திரை

எங்க வீட்டுப் பூனையைக் கொன்னது நான்தான் பாஸ். விஷம் வைக்கல, கல்லால அடிக்கல. பாசத்துலதான் கொன்னேன்.

அவ பேரு ஏலக்கா. போடிநாயக்கனூர்ல பூனைக்கு வேற என்ன பேரு வைக்கிறது, சொல்லுங்க! எங்கப்பா விடியக்காலையில ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி போடிமெட்டுக்கு மேல தோட்ட வேலைக்குப் போறவர். அம்மா ஊருக்குள்ள ஒரு ஸ்டோர்ல ஏலக்காய் தரம் பிரிக்கிறாங்க. ஒரு மழை நாள்ல சாக்கு மூட்டைக்கு நடுவுல கிடந்த குட்டியை முந்தானையில சுத்தி வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. குட்டிகிட்ட பூனை வாசனையே அடிக்கல, பாயச வாசனைதான். அதான் அந்தப் பேரு.

போன செமஸ்டர் லீவுக்கு மதுரை ஹாஸ்டல்ல இருந்து வந்திருந்தேன். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ஏலக்கா அடுப்படி மூலையில சுருண்டு கிடந்தா. மீன் தலையை வச்சா மோந்துகூடப் பார்க்கல. காதைத் தொட்டா சுடுது. "காலையில மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்டா"ன்னு அம்மா சொன்னாங்க. நான் கேக்கணுமே! காலேஜ் படிக்கிறவன் இல்லையா, எல்லாம் தெரியுமே. என் பேக்ல பாரசிட்டமால் அட்டை இருந்துச்சு. எனக்கு ஒண்ணுன்னா பூனைக்குப் பாதி. கணக்கு கரெக்ட்தானே? பொடிச்சு, மீன் குழம்புல குழைச்சு, வாயில திணிச்சுட்டு நிம்மதியாத் தூங்கிட்டேன்.

காலையில அவ முகம் உப்பியிருந்துச்சு. மூச்சு வாங்குது. வாயைத் திறந்து பார்த்தா நாக்கும் ஈறும் ரோஸ் கலர்லயே இல்ல. காபி டிகாக்‌ஷன் கலர்.

தூக்கிட்டு ஓடினேன். டாக்டர் ஏலக்காவைப் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கல சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆட்டுக்குட்டியோட ஒரு பாட்டி, கோழியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒரு சின்னப் பையன், எல்லாரும் என்னையே பார்த்துட்டு நின்னாங்க. திட்டு விழுமோன்னு ஒரு வெக்கம். அவ்வளவுதான். நான் அப்படிச் சொன்னதும் டாக்டர் பாம்புக்கடியா, எலி மருந்தா, தோட்டத்துல அடிக்கிற மருந்தான்னு ஒவ்வொண்ணாத் தேட ஆரம்பிச்சார். முக்கால் மணி நேரம் போச்சு. அதுக்கப்புறம்தான் அழுதுகிட்டே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவே இல்ல. ஒரு சீட்டுல அசிடைல்சிஸ்டீன்னு எழுதிக் கொடுத்து மெடிக்கல் ஷாப்புக்கு ஓடச் சொன்னார். ஓடினேன், வாங்கிட்டும் வந்தேன். சாயங்காலம் நாலரை மணிக்கு ஏலக்கா போயிட்டா.

ஒரு வாரம் கழிச்சு, கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து அவர்கிட்டயே போய் நின்னேன். என்னதான் ஆச்சுன்னு எனக்குத் தெரியணும். டீ வாங்கிக் கொடுத்துட்டுச் சொன்னார். பாரசிட்டமால் உள்ள போனா, நம்ம கல்லீரல் அதை இன்னொரு பொருளோட கோத்து வெளியே தள்ளிடும். அந்த வேலையைச் செய்யுற என்சைம் பூனைக்கு ரொம்பக் கம்மி. அதனால மருந்து உள்ளேயே தங்கி விஷமா மாறி, ரத்தச் சிவப்பணுவைத் தாக்கும். ரத்தத்தால ஆக்சிஜனைச் சுமக்க முடியாமப் போயிரும். பூனை மூச்சு இழுக்கும், காத்தும் உள்ள போகும், ஆனா உடம்புக்குப் போய்ச் சேராது. டிகாக்‌ஷன் கலருக்கு அதுதான் காரணம்.

அப்புறம் என் 'கரெக்ட்' கணக்கை அவர் போட்டுக் காட்டினார். 3 கிலோ பூனைக்கு 250 மில்லிகிராம். அதே அளவை 60 கிலோ இருக்கிற எனக்குக் கொடுத்தா 5,000 மில்லிகிராம். பத்து மாத்திரை, ஒரே வாய்ல.

இன்னொண்ணும் சொன்னார், அதை நினைச்சாத்தான் இன்னிக்கும் தூக்கம் வரல. பூனை, நாய் உடம்புச் சூடு சாதாரணமாவே 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். நம்ம கைக்கு எப்பவும் சுடத்தான் செய்யும். அப்போ ஏலக்காவுக்குக் காய்ச்சல் இருந்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியாது!

"பூனை வாயைத் திறந்து எதையும் சொல்லப்போறதில்ல. உங்க வாய்தான் அதுக்கு வாய். நீங்க மறைச்சா நான் கண்ணைக் கட்டிக்கிட்டு வைத்தியம் பார்க்கணும்"னார். இதை உங்ககிட்ட சொல்லத்தான் இவ்வளவு கதை.

அன்னிக்கு அவர் சொன்னதுல உங்களுக்கு உதவுறதை எல்லாம் இங்க கொட்டிடறேன். நாய்க்கு உண்ணி போகப் போடுற சொட்டு மருந்து பாக்கி இருக்குன்னு பூனை மேல போட்டுடாதீங்க. பெர்மெத்ரின் கலந்ததா இருந்தா பூனைக்கு வலிப்பு வந்துரும். நாய்க்கு மட்டும் நம்ம மாத்திரை ஒத்துக்கும்னு நினைக்காதீங்க. கால் வலிக்குதேன்னு இபுப்ரோஃபென் கொடுத்தா குடல் புண்ணாகும், கிட்னி பாழாகும்.

எங்க மலைக்குன்னே தனியா ஒரு வில்லங்கம் இருக்கு. ஏலத்தோட்டத்துல தண்டு துளைப்பானுக்கும் பேனுக்கும் குயினால்பாஸ் மாதிரி மருந்து அடிப்பாங்க. நாய் அந்தச் செடிக்குள்ள புகுந்து வந்து, தன் காலைத் தானே நக்கும். கொஞ்ச நேரத்துல எச்சில் ஒழுகும், கண்ணுப் பாவை ஊசிமுனையாச் சுருங்கும், சதை துடிக்கும். நம்ம ஆளுங்க உடனே வாய்ல நல்லெண்ணெயை ஊத்துவாங்க. அது நேரா மூச்சுக்குழாய்க்குப் போய் நுரையீரலைக் கெடுக்கும். எண்ணெயே வேணாம். கையுறை போட்டுக்கிட்டு சோப்புத் தண்ணியில உடம்பைக் கழுவுங்க, மருந்து டப்பாவையோ அதுல இருக்கிற லேபிளையோ எடுத்துக்கிட்டு ஓடுங்க. அட்ரோபின் ஊசி நேரத்துக்குப் போட்டா பிழைச்சுக்கும். மேல தோட்டத்துல இருந்தா வண்டி கிடைக்காது, எனக்கும் தெரியும். தமிழ்நாட்டு எல்லைக்குள்ளன்னா 1962க்கு போன் அடிச்சுப் பாருங்க.

ஓடைத் தண்ணி குடிக்கிற நாய்க்கு மூக்குக்குள்ள அட்டை ஏறுறதும் உண்டு. ஒரு பக்க மூக்குல மட்டும் ரத்தம் வரும், தும்மிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் தண்ணி காட்டாம வச்சிருந்து, அப்புறம் ஒரு கிண்ணத்துல தண்ணியை மூக்குகிட்ட நீட்டினா அட்டை தானா தலையை நீட்டுமாம். சினிமா மாதிரி இருக்குல்ல?

தேவாரம் தாண்டி, இளையராஜா பொறந்த பண்ணைப்புரத்தையும் தாண்டினா கோம்பை. கோம்பை நாய்க்குப் பேர் போன ஊர். "நாட்டு நாய் சார், அதுக்கு எதுக்கு ஊசி?"ன்னு டாக்டர்கிட்ட தினம் ஒருத்தராவது கேக்குறாங்களாம். "கோம்பைக்கு வீரம் இருக்கு. பார்வோ வைரஸுக்கு அது தெரியாதே"ன்னு சிரிச்சார். பார்வோ வந்தா ரத்த ரத்தமாப் பேதியாகி ரெண்டு மூணு நாள்ல குட்டி போயிரும். வைரஸ் அந்த வீட்டு மண்ணுல மாசக்கணக்கா இருக்கும். புதுக் குட்டி கொண்டு வந்தா அதுக்கும் ஒட்டும். ஆறு, எட்டு வாரத்துல முதல் ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணு, நாலு மாசம் ஆகுற வரைக்கும். மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி, அப்புறம் வருஷா வருஷம். பூனைக்கும் இந்த வெறிநோய் ஊசி உண்டு. நாங்க ஏலக்காவுக்குப் போட்டதே இல்ல.

வெறிநோய்னதும் என் சித்தி பையன் ஞாபகம் வந்துச்சு. தெருவுல இருந்த குட்டி நாய் கையில கடிச்சதை அவன் மூணு நாள் மறைச்சுட்டான். அப்பா அடிப்பாருன்னு பயம். எங்க குடும்பத்துக்கே இந்த மறைக்கிற வியாதி இருக்கு போல! அம்மாச்சி கண்டுபிடிச்சு, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு அப்பப் போனாங்க. சித்திதான் தடுத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. கடியோ நகக்கீறலோ, குட்டியோ பெருசோ, நாயோ பூனையோ, உடனே குழாய்த் தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். அன்னிக்கே முதல் ஊசி. கைல தோலுக்குள்ள போடுறதுன்னா அப்புறம் 3, 7, 28ஆவது நாள்ல. அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. ரத்தம் வந்த கடின்னா, காயத்தைச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலினையும் கேட்டு வாங்குங்க. நோய் அறிகுறி தெரிஞ்சதுக்கு அப்புறம் பிழைச்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். 1885ல லூயி பாஸ்டர் 9 வயசுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார். 1907லயே நம்ம குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்தாச்சு. நாம என்னடான்னா இன்னமும் சுண்ணாம்பு டப்பாவைத் தேடுறோம்.

போன மாசம் அம்மா ஸ்டோர்ல இருந்து இன்னொரு குட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. வேணாம்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. பேரு கிராம்பு. அட்டைப் பெட்டியில ஓட்டை போட்டு, நானே ஊசிக்குத் தூக்கிட்டுப் போனேன். அதே டாக்டர், அதே மேஜை. பெட்டியைத் திறந்துட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க?"

"காலையில பழைய சோறு, கருவாட்டுத் தலை. அப்புறம்... அம்மாவுக்குத் தெரியாம ஒரு கிண்ணம் பால் சார்."

"பாலைக் குறைங்க தம்பி, வயித்தால போகும்"னு சொல்லிட்டு ஊசியை எடுத்தார்.