படத்தில் இருந்த வீடு



நாங்கள் கொடைக்கானலுக்குப் போய்வந்த செய்தி எப்படியோ சேகரத்துக்குள் பரவிவிட்டபடியால், "ஐயா, எங்கே தங்கினீர்கள்? நல்ல இடமா?" என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். ஆராதனை முடிந்து ஆலய வாசலில் கைகுலுக்கி நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் அதற்கு முழுப் பதிலையும் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்த வாரத் தியானத்தில் எழுதுகிறேன். விடுமுறைக்குக் கைப்பேசியிலேயே வீடு பிடிக்கும் பழக்கம் இப்போது நம்மில் அநேகருக்கு வந்துவிட்டது. நம் வாலிபர்கள் திருமணமான மறு வாரமே அப்படித்தான் புறப்படுகிறார்கள். ஆகையால் இது எங்கள் இருவருடைய கதையாக மாத்திரம் இராது என்று எண்ணுகிறேன்.

முதலில் ஒன்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆயரின் மனைவி தான் குடியிருக்கும் வீட்டைத் தானே தெரிந்தெடுப்பதில்லை. திருமண்டலம் எந்தச் சேகரத்துக்கு அனுப்புகிறதோ, அந்தச் சேகரத்தின் குருமனையே வீடு. 27 ஆண்டுகளில் எங்களுக்கு ஏழு குருமனைகள். ஒன்றில் சமையலறைக் கூரை ஒழுகியது. ஒன்றில் நல்ல ஆழமான கிணறு இருந்தது, தண்ணீர்தான் உப்பு. மற்றொன்று மிஷனெரிமார் காலத்தது. தேக்குக் கதவுகளும் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரையும், அந்தக் கூரை நிறைய வௌவால்களும். சுவருக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதைச் சேகரக் கமிட்டி தீர்மானிக்கும். நட்ட கறிவேப்பிலைக் கன்று கிளைவிட்டு நிற்கிற சமயம் பார்த்து மாற்றல் உத்தரவு வரும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் மனைவியும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் இந்தப் பின்னணி தெரியாவிட்டால், கொடைக்கானலில் நடந்தது மிக அற்பமான காரியமாகவே உங்களுக்குத் தோன்றும்.

எங்கள் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து, எங்கள் திருமண நாளை முன்னிட்டு மூன்று நாட்கள் தங்கிவரப் பணம் தந்தார்கள். வீட்டை அம்மாதான் தெரிந்தெடுக்க வேண்டும் என்பது மகளின் நிபந்தனை. என் மனைவி அதை ஓர் ஊழியம்போலவே எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரம், மாலை ஜெபத்துக்குப்பின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, நாற்பது வீடுகளுக்குக் குறையாமல் பார்த்திருப்பாள். கடைசியில் ஒன்றில் வந்து நின்றாள். வெள்ளைச் சுவர், நீலச் சட்டமிட்ட ஜன்னல்கள், பால்கனியில் இரண்டு பிரம்பு நாற்காலிகள், அவற்றுக்கு அப்பால் ஏரி. எல்லாவற்றையும்விட, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் மேலே அகலமான ஒரு ஜன்னல்.

"பாத்திரம் கழுவிக்கொண்டே ஏரியைப் பார்க்கலாம்" என்றாள்.

"பாத்திரம் கழுவாமல் இருக்கத்தானே போகிறோம்" என்றேன் நான். அவள் சிரிக்கவில்லை. எட்டாவது வீடாக அதை அவள் மனதில் குடியமர்த்திவிட்டாள் என்பது அப்போதே தெரிந்தது.

ஆகஸ்டு மாதக் கடைசியில் புறப்பட்டோம். (போக நினைப்பவர்களுக்கு: சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும்.) வத்தலக்குண்டு தாண்டி மலையேறி, வெள்ளி அருவியருகே நிறுத்தித் தேநீர் அருந்தி, சாயங்காலத்துக்குள் வீட்டு வாசலில் நின்றோம்.

நீல ஜன்னல்கள் இருந்தன. பிரம்பு நாற்காலிகளும் இருந்தன. ஏரிதான் இல்லை. ஏரிக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே மூன்று மாடிக் கட்டடம் ஒன்று சாரத்தோடும் சிமெண்டுத் தூசியோடும் எழும்பி நின்றது. அந்தப் படம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கிறது. உண்மை மாறியபின்னும் படத்தை மாற்றவில்லை. தேடிப் பார்த்ததில் ஏரி அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. குளியலறை ஜன்னலில் நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தால், ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் தகரக் கூரைக்கும் இடையில் உள்ளங்கையளவு தெரிந்தது. படத்தில் விசாலமாய்த் தெரிந்த படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. அகலக்கோண லென்ஸ் செய்யும் வேலை அது. முன்னிருப்பதைப் பெரிதாக்கிப் பின்சுவரைத் தள்ளி நிறுத்திவிடும். கம்பளியில் ஈரவாடை. சமையலறைக் கதவிலோ பூட்டு. வீட்டுக்காரர் அதைத் தம் சாமான்கள் போடும் அறையாக்கிவிட்டாராம். எங்களுக்கென்று நடைபாதையில் ஒரு மேசையும் மின்னடுப்பும் வைத்திருந்தார்கள்.

வீட்டைக் கவனிக்கும் பெரியவர் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நாங்கள் வாய் திறக்குமுன்னே பேச ஆரம்பித்தார். "வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க ஐயா. நானும் மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்." திட்டு வாங்கிப் பழகியவர் நிற்கிற நிலை அது. முந்தின வாரம் வந்தவர்கள் சாவியை அவர் காலடியில் வீசிவிட்டுப் போனார்களாம்.

என் மனைவி பூட்டிய சமையலறைக் கதவின் முன் சற்று நேரம் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பரவாயில்லைங்க" என்றாள்.

அன்பானவர்களே, அந்தச் சொல்லை நான் நன்கு அறிவேன். ஏழு குருமனைகளின் வாசலிலும், சாமான் லாரி வந்து நின்ற ஏழு நாட்களிலும், அவள் சொன்னது அதைத்தான். ஆயர்களாகிய எங்களுக்கு நாவின் நுனியில் எப்போதும் ஒரு வசனம் காத்திருக்கும். அன்றும் மனரம்மியத்தைப் பற்றிய வசனம் வந்து நின்றது. அதை நான் சொல்லவில்லை. "இந்த ஒரு வீட்டுக்கு நீ அப்படிச் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

இரவில் விளக்கணைத்தபின், "நான்தான் சரியாகப் பார்க்கவில்லை" என்றாள். "நீ சரியாகத்தான் பார்த்தாய். காட்டினவர்கள்தான் சரியாகக் காட்டவில்லை" என்றேன்.

வெகுநேரம் தூக்கம் வராமல் ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நாம் எப்போதும் யாக்கோபின் பக்கம் நின்றே வாசிக்கிறோம். ஏழு வருஷம் உழைத்தவன், விடிந்தபின் பார்த்தால் தான் கேட்ட பெண் அல்ல. ஏமாற்றியவன் லாபான். யாக்கோபு அவனிடமே போய் நியாயம் கேட்கிறான்; அது தகும். ஆனால் லாபானுக்கு நேர்ந்த நஷ்டம் என்ன? இன்னும் ஏழு வருஷ உழைப்பல்லவா அவனுக்குக் கிடைத்தது! அந்த ஏமாற்றத்தை நாள்தோறும் சுமந்தவள் லேயாள். மூத்த பிள்ளைகள் மூவருக்கும் அவள் இட்ட பெயர்களில் புருஷனின் அன்புக்கான ஏக்கம் இருப்பதை வேதம் மறைக்கவில்லை. ஏமாற்றியவன் கைக்கு எட்டுவதில்லை. கோபமோ கைக்கு எட்டினவர்மேல் போய் விழுகிறது.

இதை நான் புத்தகத்தில் மாத்திரம் கண்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தம்பதியர் ஆலோசனைக்கு வந்தார்கள். அவர்கள் அனுமதியோடுதான் சொல்லுகிறேன். திருமணமான புதிதில் மூணாறில் எடுத்த அறை, படத்தில் கண்டதுபோல் இல்லை. அறையைக் கொடுத்தவருக்கு ஒரு வரி கடிதம்கூட இருவரும் எழுதவில்லை. "நீதானே பார்த்துப் போட்டாய்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அது பிறகு குக்கர் வாங்கினபோது வந்தது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்த்தபோது வந்தது, என் அறையில் உட்கார்ந்திருந்தபோதும் ஒருமுறை வந்தது. இரண்டு நாள் வாடகைக்கு இத்தனை வருஷ வட்டியா என்று நான் கேட்டபோது இருவரும் அழுதார்கள்.

அப்படியானால் பேசாமல் சகித்துக்கொள்வதுதான் கிறிஸ்தவனுக்கு அழகா? நம் சபைகளில் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. மனரம்மியத்தைத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினார். அதே பிலிப்பி பட்டணத்தில் முன்பு என்ன செய்தார் என்பதை அப்போஸ்தலர் 16-இல் பாருங்கள். விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் அசையவில்லை. அவர்களே வந்து வெளியே அழைத்துவிட வேண்டும் என்று ரோமக் குடிமகனாய்க் கேட்டார், அவர்களும் வந்தார்கள். மனரம்மியம் அவர் தம்மைக்குறித்துச் சொன்னது. பிறர் செய்த அநியாயத்தைப் போர்த்தி மூடும் கம்பளியாக அவர் அதை ஒருநாளும் பயன்படுத்தவில்லை. பையிலே இருவிதமான நிறைகற்களை வைத்திருக்கக் கூடாதென்று உபாகமம் 25 கண்டிக்கிறதே, காட்டுவதற்கொரு படமும் கொடுப்பதற்கொரு வீடும் வைத்திருப்பது அதுவன்றி வேறென்ன?

மறுநாள் காலை முறையிட்டோம். அதைச் செய்தவள் என் மனைவியே. வீட்டுக்காரர் எந்த இடத்தில் நின்று படம் எடுத்தாரோ அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில், ஒவ்வொன்றாக அவளும் எடுத்தாள்: பால்கனி, படுக்கையறை, பூட்டிய கதவு. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினாள். நான் எழுதிக் கொடுத்த அரைப்பக்க வியாக்கியானத்தை, "இது பிரசங்கமாக இருக்கிறது" என்று ஒதுக்கிவிட்டாள். ஒன்பதாம் நாள் ஒரு நாள் வாடகை திரும்ப வந்தது. விளம்பரத்தில் சமையலறைப் படத்தை நீக்கிவிட்டார்கள். ஏரிப் படம் இன்றும் முதலில் நிற்கிறது. அதற்குமேல் போக வேண்டுமானால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை அது தனியே குறிப்பிடுகிறது. வீடு இருக்கும் ஊருக்குப் போகாமல், நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடவும் வழி செய்திருக்கிறது. 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

விமர்சனம் எழுதும் பகுதியில் இருவரும் ஒரு மாலை முழுதும் வாதாடினோம். "மோசடி" என்று நான் எழுதியதை அவள் அடித்தாள். என்ன இருந்தது, என்ன இல்லை என்று எழுதினால் போதும், பெயர் சூட்டுவதை வாசிக்கிறவர்களே செய்துகொள்வார்கள் என்றாள். கடைசி வரியில், வீட்டைக் கவனிக்கும் பெரியவர் விடியற்காலையில் சொல்லாமலே வெந்நீர் கொண்டுவந்து வைத்ததை எழுதச் சொன்னாள். குறை சொல்லும் இடத்தில் அது எதற்கு என்றேன். "அதுவும் நடந்ததுதானே" என்றாள்.

இரண்டாம் நாள் ஏரியைச் சுற்றி நடந்தோம். ஐந்து கிலோமீட்டர் இருக்கும். அதுவும் தானாக உண்டான ஏரி அல்ல. 1863-இல் லெவிஞ்சு என்ற மதுரைக் கலெக்டர் ஓடைகளைத் தடுத்து உண்டாக்கியது. நடக்கும்போது அவளுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரிகள் காய்ச்சலுக்குத் தப்ப முதலில் சிறுமலையில்தான் ஓய்வு வீடுகள் கட்டினார்கள். காய்ச்சல் அவர்களுக்குமுன் அங்கே போய்க் காத்திருந்தது. அதன்பின்னரே 1845-இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் எழும்பின. "அப்போ படம்கூட இல்லாமல் ஏமாந்தார்களா?" என்று கேட்டு, அந்தப் பயணத்தில் முதன்முறையாகச் சிரித்தாள்.

நீங்கள் போவதாயிருந்தால், வீட்டுக்காரர் போட்ட படங்களைவிடத் தங்கிப்போனவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். அவை எந்த மாதம், எந்த ஆண்டு என்பதையும் பாருங்கள். பணம் கட்டுமுன் காணொளி அழைப்பில் ஜன்னலைத் திறந்து வெளியே காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.

ஓய்வு பெற எனக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குப்பின் எங்களுக்குக் குருமனை இல்லை. ஆகையால் சிறிதாய் ஒரு வீடு தேட ஆரம்பித்திருக்கிறோம். சென்ற செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையில் ஒன்றைப் பார்க்கப் போனோம். தரகர் தம் கைப்பேசியில் படங்களை நீட்டினார். என் மனைவி அதை வாங்கிப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள். வெளியே பக்கத்து வீட்டு வேப்பமரமும், ஒரு கொடியில் துணிகளும். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மத்தியான வெயிலில் எப்படி இருக்கிறதென்று இன்னொரு தரம் வந்து பார்க்க வேண்டும்" என்றாள். நாளை போகிறோம்.