முதுகில் ஒரு பரண்

தம்பி,

வரும் அக்டோபரில் வில்லோடு காட்டுக்குப் போகப்போவதாகவும், அதற்கு ஒரு க்ளைம்பர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்கலாம். சொந்த நிலம் இல்லாமல் மிச்சிகன் அரசுக் காடுகளில் வெள்ளைவால் மானைத் தேடி அலைகிறவனுக்கு அதைவிடத் தோதான சாமான் கிடையாது. ஆனால் அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் மரத்தோடு பேச்சு நிற்காது. வயசாளி பேச்சு அப்படித்தான், பொறுத்துக்கொள்.

க்ளைம்பர் என்பது மரமேறும் பரண்: இரண்டு அலுமினியச் சட்டங்கள். மேலதில் இருக்கை, கீழதில் பாதம் வைக்கும் தட்டு. இரண்டிலும் மரத்தைச் சுற்றிவளைக்கும் கம்பிவடம் உண்டு. மடித்துச் சேர்த்தால் 20 பவுண்டு சொச்சம். முதுகில் போட்டுக்கொண்டு நடக்கலாம். ஆளின் பாரம் இறங்கினால் சட்டத்தின் பற்கள் பட்டையைக் கவ்வும், பாரம் விலகினால் விட்டுவிடும். மேல் சட்டத்தை ஓரடி உயர்த்தி அதில் உட்கார், பாதத்தால் கீழ்ச் சட்டத்தை இழுத்துக்கொள், எழுந்து நில், மறுபடி மேல் சட்டம். நம் தெற்கத்திப் பனையேறிகள் காலில் தளைநார் மாட்டிக்கொண்டு, கையால் மரத்தைத் தழுவிக் காலை இழுத்து ஏறுவார்களே, அதே கணக்குதான். அரசு நிலத்தில் மரப்பட்டையைத் துளைக்கிற ஆணி, திருகு எதற்கும் மிச்சிகனில் அனுமதி இல்லை. க்ளைம்பருக்கு அந்த வம்பும் இல்லை. பரணில் உன் பெயர், முகவரியோ உரிம எண்ணோ எழுதியிருக்க வேண்டும். அதை மட்டும் மறக்காதே.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் சோளக்காட்டு ஓரத்தில் மறைந்திருந்து வேட்டையாட ஏணி வைத்து ஒரு மரப்பெட்டி கட்டினார். ஜன்னல், நாற்காலி, ஹீட்டர், காப்பி வைக்க ஒரு பலகை எல்லாம் உண்டு. முதல் பருவத்தில் நல்ல வேட்டை. அடுத்த பருவத்தில் மான்கள் நூறு கஜம் தள்ளிப் புதர் வழியே பாதை போட்டுக்கொண்டன. மனித வாடை வருகிற இடத்தை மான் நினைவில் வைத்துக்கொள்ளும். மனிதர்தான் பெட்டியை விட்டு அசையவில்லை. இவ்வளவு செலவழித்துக் கட்டியாயிற்றே என்று குளிர் முடியும்வரை அதிலேயே உட்கார்ந்திருந்தார். மானுக்காக உட்காரவில்லை, பெட்டிக்காக உட்கார்ந்தார்.

அலைந்து வேட்டையாடுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். ஓர் இடத்தில் முதல் தடவை உட்காருவதுதான் நல்ல தடவை என்பது அவர்கள் கணக்கு. வெள்ளை ஓக்கின் கொட்டை எந்த மரத்தடியில் உதிர்கிறது, புதிய எச்சம் எங்கே கிடக்கிறது, எந்தக் கன்றுமரத்தில் ஆண்மான் கொம்பைத் தேய்த்திருக்கிறது, தாழ்ந்த கிளைக்கு அடியில் எங்கே குளம்பால் மண்ணைக் கிளறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார்கள். தடயம் சூடாக இருக்கிற இடத்தில் பரணை இறக்குவார்கள். கொட்டை தீர்ந்தால் அந்த இடமும் தீர்ந்தது. நவம்பரில் இணைசேரும் காலம் வந்துவிட்டால் அக்டோபர் தடங்கள் பாதிக்குமேல் பொய்யாகிவிடும். அப்போது பெண்மான்கள் படுக்கிற புதர்களுக்கும் மேய்கிற இடங்களுக்கும் நடுவே போக வேண்டும்.

2009-இல் டெட்ராய்ட்டின் இரண்டு பெரிய கார் நிறுவனங்கள் திவால் மனு கொடுத்தபோது இந்தப் பெட்டிக்காரரைத்தான் நினைத்துக்கொண்டேன். அங்கிருந்த கெட்டிக்காரர்கள், இருபது வருஷமாக ஒரே பாகத்தை வரைந்தவர்கள், தடம் மாறியதைக் கண்ணால் பார்த்தும் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தார்கள். நீ இப்போது இருக்கிற வேலையும் ஒரு மரம்தான். அதன்கீழ் கொட்டை விழுகிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது குனிந்து பார்.

இனி மரம். க்ளைம்பருக்கு நேரான, கீழ்க்கிளை இல்லாத, ரொம்பப் பருக்காத மரம் வேண்டும். மிச்சிகனில் அதற்குப் பஞ்சமில்லை. வெள்ளைப் பைன்களை எல்லாம் வெட்டித் தீர்த்த மண்ணில் 1930-களின் வேலையில்லாக் காலத்தில் அரசாங்கம் இளைஞர் படை திரட்டி வரிசை வரிசையாக நட்ட செம்பைன்கள் இன்னும் விளக்குக் கம்பமாக நிற்கின்றன. ஆஸ்பனும் நேராக வளரும், ஆனால் பட்டை வழவழப்பு. உறைபனி விழுந்த காலையில் அதில் ஏறாதே. ஆஷ் மரத்தை மட்டும் தொடவே தொடாதே. ஆசியாவிலிருந்து வந்த மரகதத் துளைப்பான் வண்டை இந்த நாட்டில் முதலில் கண்டுபிடித்தது 2002-இல், டெட்ராய்ட் பக்கத்தில்தான். அது சுரங்கம் தோண்டிக் கொன்ற ஆஷ் மரங்கள் காடெங்கும் செத்து நிற்கின்றன. பார்க்க நேராக, கிளையில்லாமல், ஏறக் கூப்பிடுவதுபோல் நிற்கும். உள்ளே ஒன்றும் இராது.

உயரப் போகப் போக மரம் மெலியும். ஆகவே தரையிலேயே தட்டின் முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கிவைத்துத் தொடங்கு. மேலே போகும்போது மட்டமாகிவிடும். 20 அடி போதும். இன்னும் உயரம் போனால் மான் பார்க்காது என்பார்கள். ஆனால் செங்குத்தாகக் கீழே பார்த்து எய்யும்போது நுரையீரல் காட்டுகிற பரப்பு குறுகிவிடும், காயம்பட்ட மான் ஓடிவிடும். உயரத்துக்கும் ஓர் அளவு உண்டு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பரணிலிருந்து விழுகிறவர்களில் பலர் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறார்கள். பெட்டிக்காரர் பருவம் முழுக்க ஒரே ஏணியில் ஏறி இறங்குகிறார். நீ தினம் ஒரு புது மரத்தில், அதுவும் விடியுமுன் இருட்டில் ஏறப்போகிறாய். அவரைவிட உனக்குத்தான் ஆபத்து அதிகம். என் நண்பர் ஒருவர் மேலே இருந்தவரை, உடம்பை மரத்தோடு பிணைக்கும் ஹார்னஸைக் கட்டிக்கொண்டு இருந்தார்; இறங்கத்தானே போகிறோம் என்று அவிழ்த்துவிட்டார். கீழ்ச் சட்டம் பாதத்திலிருந்து நழுவி அடிவரை போய்விட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். இரண்டு சட்டங்களையும் சேர்த்துக் கட்டுகிற சின்னக் கயிறு இருந்திருந்தால் அது அவ்வளவு தூரம் போயிருக்காது. ஹார்னஸ் பூட்டியிருந்தால் அவரும் போயிருக்கமாட்டார்.

முழு உடல் ஹார்னஸ் போடு. அதன் வாரைத் தரையில் நிற்கும்போதே மரத்தில் கட்டு. ஏற ஏறக் கூடவே நகர்த்து. திரும்பித் தரையில் கால் பட்ட பிறகு அவிழ். விழுந்து ஹார்னஸில் தொங்கினாலும் நிம்மதி இல்லை. கால்வார் இறுக்கி ரத்தம் கீழேயே தேங்கிவிடும், சீக்கிரம் மயக்கம் வரும். அதற்கென்று காலூன்றி நிற்க ஒரு வார் தருவார்கள், அது கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். வில்லையும் அம்பையும் கையில் பிடித்து ஏறாதே. மேலே போய்க் கயிறு விட்டு இழுத்துக்கொள். போனும் விசிலும் சட்டைப்பையில். எந்த மரம், எப்போது திரும்புவாய் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போ.

வேலை மாறுகிற பையன்களுக்கும் நான் சொல்வது இதுதான். அசைகிறவனுக்குத்தான் கட்டு கூடுதலாக வேண்டும். எச்-1பி விசாவில் இருக்கிறாய். வேலை போனால் அடுத்ததைப் பிடிக்க அதிகபட்சம் 60 நாள். ஆறு மாசச் செலவுக்குப் பணம், விடுபடாத மருத்துவக் காப்பீடு, ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுக்கிற இரண்டு நண்பர்கள் என்று முதலில் கட்டிக்கொள். அப்புறம் எந்த மரத்துக்கு வேண்டுமானாலும் போ. மேலே இருக்கும்போது எல்லாரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். நடுவழியில், மாறுகிற அந்தச் சில வாரங்களில்தான் அவிழ்த்துவிடுகிறார்கள்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக: அது மான் பக்கமிருந்து உன் முகத்துக்கு வர வேண்டும். வெயில் ஏறினால் வாடை மேலே போகும், சாயங்காலம் பள்ளத்துக்கு இறங்கும். எய்த பிறகு அரைமணியாவது அசையாமல் இரு. உடனே துரத்தினால் மான் தொலைதூரம் ஓடி வீணாகும்.

உன் அம்மா கட்டாயம் கேட்பாள், மானையா கொல்லப்போகிறாய் என்று. அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது; 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊரில் புள்ளிமானை வேட்டையாடினால் சிறை. இங்கே கதை வேறு. கட்டுப்பாடில்லாத வேட்டையால் 1900 வாக்கில் இந்த நாட்டில் சில லட்சமாகச் சுருங்கிப்போன வெள்ளைவால் மான், இன்று கோடிக்கணக்கில் இருக்கிறது. வேட்டைக்குப் பருவமும் உரிமமும் வந்தன. 1937 முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனையிலும், பிறகு வில் அம்பிலும் பிடிக்கிற வரி வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. மானைத் தின்னுகிற ஓநாய் மிச்சிகனின் இந்தக் கீழ்த் தீபகற்பத்தில் இல்லாமல் போயிற்று. அண்மை வருஷங்களில் மிச்சிகன் சாலைகளில் மட்டும் ஆண்டுக்கு 50,000-க்கும் மேல் கார்கள் மானில் மோதுகின்றன. இதைச் சொல். அதன்பிறகும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாதாடாதே, இறைச்சியை அவள் அடுப்பில் ஏற்றாதே.

1960-க்குப் பிறகு பிறந்தவன் நீ. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்காமல் தனியாக வேட்டையாட உரிமம் தரமாட்டார்கள். ஆகஸ்டுக்குள் முடித்துவிடு. க்ளைம்பர் வந்ததும் நேரே காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. உன் வீட்டுப் பின்புறத்து மேப்பிளில், தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போகாமல், ஹார்னஸ் பூட்டி ஏறி இறங்கிப் பழகு. பகலில் கைவந்த பிறகு இருட்டில் பழகு. ஒரு சனிக்கிழமை சொல், நானும் வந்து பார்க்கிறேன்.