எத்தனை தடவை ஓடினது என்பது மட்டும் போதுமா?

ஹார்ட் டிஸ்க் நிரம்பினா நம்மள்ல கனபேர் முதல்ல கை வைக்கிறது பாட்டுலதான். ஒலுவில்ல எங்கட பொதுக் கம்ப்யூட்டருக்கும் அந்த நிலை வந்தது. "பத்துத் தடவைக்குக் குறைவா ஓடினதெல்லாம் அழிச்சிருவம்" எண்டு ஒரு யோசனை. கேட்க நியாயமாத்தான் இருந்தது. ஆனா தேடிப் பார்த்தா, அந்தப் பட்டியல் முழுக்க நாகூர் ஹனிபா. நோன்பு மாசத்துல மட்டும் போடுற பாட்டு, வருசம் முழுக்க ஓடுற சினிமாப் பாட்டோட எண்ணிக்கையில எப்படிப் போட்டி போடும்?

நாங்க பாவிக்கிற பிளேயர் குவோட் லிபெட். பைத்தானில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள், காசு இல்லை. ஒரு பாட்டு எத்தனை தடவை ஓடியது என்பதோடு, எத்தனை தடவை தாண்டிப் போனோம் என்பதையும் அது குறித்து வைக்கும். சாதாரணத் தேடலில் இந்த எண்களை பத்து, முப்பது என்று ஒரு நிலையான எண்ணோடுதான் ஒப்பிடுவோம். குவோட் லிபெட்டின் தேடல் பெட்டியிலோ கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் எழுதலாம். ஒரு எண்ணிக்கையை இன்னொன்றோடு மோத விடலாம்.

உதாரணத்துக்கு, ஒரு பாட்டு 40 தடவை ஓடியிருக்கு, 35 தடவை தாண்டப்பட்டிருக்கு. இன்னொன்று 6 தடவைதான் ஓடியது, ஒருவரும் தாண்டவில்லை. "ஓடியது பத்துக்கு மேல்" என்று தேடினால் முதல் பாட்டு மட்டும்தான் தப்பும். "ஓடியது, தாண்டியதன் ஐந்து மடங்கை விடக் கூட" என்று தேடிப் பாருங்க. 40ஐ விட 175 பெரிது, முதலாவது விழுந்திரும். 6ஐ விடப் பூச்சியம் சிறிது; இரண்டாவது நிற்கும். ஒரு பெருக்கல்தான், தீர்ப்பு தலைகீழாப் போகுது.

ஐந்து மடங்கு என்பது சட்டமில்லை. மூன்று போதும் என்று நீங்க வாதாடலாம். வாதாட முடியுது என்பதுதான் எங்களுக்குப் பிடிச்சது. ஸ்ட்ரீமிங் செயலிகளும் நம்மளைக் கணக்குப் போடுதுகள். ஆனா எந்தச் சூத்திரத்தில் என்று நமக்குக் காட்டுறதில்லை. இங்கே சூத்திரம் நம்மட கையில.

போன் வந்ததால தாண்டின பாட்டும் இருக்கும், ஆள் தூங்கின பிறகு ஓடின பாட்டும் இருக்கும். அது கணக்குக்குத் தெரியாது. அதனால பட்டியலை எடுத்த பிறகு, அழிக்க முதல் வீட்டுல உம்மாக்கிட்டயும் ஒருக்காக் கேளுங்க.