கூலி வாங்காத ஆட்டக்காரர்

பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுவோர் பெரும்பாலும் வென்றவரையே தேடுகின்றனர். கிண்ணம் எவர் கைக்குச் சென்றது என்பதை அறிந்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகின்றோம். ஒன்பதாம் இடத்தில் நிற்பவனும் அதே மழையில் நனைந்தவன், அதே பந்தைத் துரத்தியவன் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய ஒன்பதாம் இடத்தவரையே வாரந்தோறும் பார்த்திருக்கும் வாய்ப்பு எமக்கு ஒரு முறை கிட்டியது.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கல்லூரியில் விடுப்புப் பெற்று, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிலே எமது தமக்கையார் வீட்டிற் சில மாதங்கள் தங்கியிருந்தோம். அக்குடும்பம் அங்கு குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. தமக்கையாரின் மகன் கணக்காய்வு அலுவலகம் ஒன்றிற் பணி புரிகின்றான். செவ்வாயும் வியாழனும் மாலை வேளையிற் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். இதற்காக அவன் ஒரு சதமும் பெறுவதில்லை. மாறாக, ஆண்டுதோறும் கழகத்திற்குச் சந்தா செலுத்துகின்றான்.

நாம் சென்ற முதல் வாரத்திலேயே தமக்கையார் எம்மிடம் முறையிட்டார். “தம்பி, நீயாவது அவனுக்குச் சொல்லு. காசும் இல்லை, பேரும் இல்லை. காலை முறிச்சுக்கொண்டு வந்தால் ஆர் பார்க்கிறது?” என்றார். அறிவுரை கூறுமுன் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம் என்று சனிக்கிழமை மைதானத்துக்குச் சென்றோம்.

அவர்கள் ஆடுவது நாமறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்து முட்டை வடிவினது. நிலத்திற் பட்டால் எத்திசையிற் துள்ளும் என்பதை எவராலும் கூற இயலாது. பக்கத்துக்குப் பதினெண்மர் ஆடுவர். பந்தைக் காலால் உதைக்கலாம். ஒரு கையில் ஏந்தி மறு கை முட்டியாற் குத்தி அனுப்பலாம். வீசி எறிதல் ஆகாது. தோழன் உதைத்த பந்து 15 மீற்றராவது பறந்து வருகையில் அதனை நிலத்தில் விழாமற் பிடிப்பவன், எவரும் தடுக்காதபடி நின்று நிதானித்து உதைக்கும் உரிமையைப் பெறுவான். மைதானமும் நீள்வட்டமே. குளிர்காலத்திற் கிரிக்கெட் வீரரின் உடல் தளராதிருக்க ஒரு விளையாட்டு வேண்டுமென்று 1858இல் தொம் வில்ஸ் என்பவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதமும், 1859இல் மெல்பேர்ண் கழகத்தார் வகுத்த விதிகளும் இவ்வாட்டத்தின் தொடக்கம் என்பர். கோடையிற் கிரிக்கெட் ஆடும் மைதானங்களே இன்றும் குளிர்காலத்தில் இதற்கு இடமாகின்றன.

இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் நடப்பட்டிருக்கும். நடுவிலுள்ள உயர்ந்த இரண்டுக்கும் இடையே பந்து சென்றால் அது கோல், 6 புள்ளிகள். ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே சென்றாலோ, அதற்கும் 1 புள்ளி உண்டு. குறி தவறினும் அருகிற் சென்றவனை வெறுங்கையோடு அனுப்பாத இந்த விதி எம்மைக் கவர்ந்தது. இவ்வாறு ஆறும் ஒன்றுமாகக் கணக்கிடும் முறை 1897இல், விக்டோரியா உதைபந்தாட்ட லீக் தொடங்கிய ஆண்டில் வந்தது.

அந்த லீக்கே பிற்காலத்தில் நாடு தழுவிய பெரும் போட்டியாக வளர்ந்தது. அதன் வீரருக்குப் பெரும் ஊதியம் உண்டு. இலட்சக்கணக்கானோர் அதைப் பார்க்கின்றனர். எமது மருமகன் ஆடுவது வேறோர் உலகத்தில். விக்டோரியா அமெச்சூர் உதைபந்தாட்டச் சங்கம் என்பது அதன் பெயர். 1892இல் வேறொரு பெயருடன் தொடங்கி, இரு உலகப் போர்களின்போதும் சில ஆண்டுகள் ஆட்டத்தை நிறுத்தி, மீண்டும் எழுந்து நடைபெறும் சங்கம் அது. அமெச்சூர் என்னும் சொல் பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. ஒன்றன்மீது அன்பு கொண்டவன் என்பதே அதன் மூலப் பொருள். ஆட்டத்திற்குக் கூலி கொடுத்தலும் வாங்குதலும் ஆகா என்பது அச்சங்கத்தின் ஆதார விதி. வைத்தியரும் தச்சரும் ஆசிரியரும் மாணவரும் ஒரே அணியில் ஆடுகின்றனர். பெண்களுக்கான போட்டிகளும் 2017 தொடக்கம் நடைபெறுகின்றன.

சங்கத்திற் சேர்ந்த கழகங்கள் பலவாதலால் அவற்றைத் திறமைக்கேற்பப் பிரிவுகளாக வகுத்துள்ளனர். உச்சியில் பிரீமியர் பிரிவு. அதன்கீழ் பிரீமியர் பி, பிரீமியர் சி. அவற்றின்கீழ் எண்ணிட்ட பிரிவுகள். சித்திரையில், அதாவது ஏப்ரலில், தொடங்கும் பருவகாலம் செப்டெம்பரில் இறுதியாட்டங்களுடன் முடியும். முடிவில் ஒவ்வொரு பிரிவிலும் மேலே நின்றோர் அடுத்த ஆண்டு ஒரு படி ஏறுவர். அடியில் நின்றோர் ஒரு படி இறங்குவர். ஊதியம் வழங்கும் பெரும் போட்டியில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. அங்கு கடைசி இடத்தைப் பெற்ற கழகமும் மறு ஆண்டு அதே இடத்தில் ஆடும். கூலி வாங்காதவரோ ஆண்டுதோறும் தம் இடத்தைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

கழகங்களுட் பல பழைய மாணவர் கழகங்கள் என்பதை அறிந்தபோது நமது ஊரின் நினைவு வந்தது. கல்லூரியை விட்டுப் பத்து ஆண்டுகள் கழிந்தவனும் அக்கல்லூரியின் நிறத்தைச் சனிக்கிழமைதோறும் அணிந்துகொள்கின்றான். முதலாம் அணியில் இடமில்லையேல் இரண்டாம் அணி; அதிலும் இல்லையேற் சில கழகங்களில் மூன்றாம் அணி. ஆட இயலாதவர் கொடி பிடிக்கின்றனர், நேரம் பார்க்கின்றனர், காயத்துக்குக் கட்டுப் போடுகின்றனர். கால் மணிக்கூறு முடிந்து ஆட்டக்காரர் வட்டமாகக் கூடுகையில், பார்வையாளரும் மைதானத்துக்குள் நடந்து சென்று பயிற்றுநர் கூறுவதைச் செவிமடுக்கலாம். சிறுவர்கள் அவ்விடைவேளையில் தங்கள் பந்துகளுடன் புற்றரையிலே ஓடித் திரிவர்.

மருமகனின் கழகம் கீழ்ப் பிரிவுகள் ஒன்றில், பத்துக் கழகங்களுள் ஒன்பதாவதாக நின்றது. “மாமா, கிண்ணம் எங்களுக்கு வேண்டாம். கீழே போகாமல் இருந்தாற் போதும்” என்றான் அவன். அப்பிரிவிற் கடைசி இரு இடத்தவரும் இறங்க வேண்டும். எட்டாம் இடத்தை எட்டினால் தப்பலாம்.

மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை அவர்கள் படுதோல்வி அடைந்துகொண்டிருந்தனர். எண்பது புள்ளிகளுக்கு மேற் பின்தங்கியிருந்த நிலையில், கடைசிக் கால் பகுதியிலும் பயிற்றுநர் எல்லைக் கோட்டருகே நின்று “நூற்றுவீதம்! நூற்றுவீதம்!” என்று கத்திக்கொண்டிருந்தார். வீடு திரும்புகையில் மருமகன் அதனை விளக்கினான். வெற்றிக்கு 4 புள்ளிகள், சமநிலைக்கு 2. இரு கழகங்கள் ஒரே புள்ளியில் நின்றால், பருவம் முழுவதும் தாம் பெற்ற ஓட்டெண்ணிக்கையை எதிரிகளுக்குக் கொடுத்த எண்ணிக்கையால் வகுத்து நூறாற் பெருக்குவர். 1,200 பெற்று 1,500 கொடுத்த அணியின் நூற்றுவீதம் 80. ஆகவே தோற்றுவிட்ட ஆட்டத்தில் அடிக்கும் ஒரு கோலும், தடுக்கும் ஒரு கோலும் வீணல்ல. அவை ஆவணி மாதத்திற்கென்று சேர்த்து வைக்கும் பொருள். தோல்வியிலும் எவ்வாறு தோற்றான் என்பதைக் கணக்கிற் கொள்ளும் ஏற்பாடு இது.

அடுத்துவந்த வாரங்களில் அவர்கள் மூன்று ஆட்டங்களில் வென்றனர். தமக்கையாரும் எம்முடன் வரத் தொடங்கினார். முதல் வாரம் மோட்டார் வண்டிக்குள்ளேயே அமர்ந்திருந்தார். அடுத்த வாரம் இடைவேளையில் ஆட்டக்காரருக்குக் கொடுப்பதற்கென்று தோடம்பழங்களைக் கீறிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் அவர் பொரித்த ரோல்ஸ், கழகத்தின் சிற்றுண்டிச் சாலையில் இறைச்சிப் ‘பை’களுக்குப் பக்கத்தில் விற்பனைக்கு இருந்தது; முதற் பாதி முடியுமுன்னரே தீர்ந்தும் போயிற்று. மகன் மீது எவனோ மோதி வீழ்த்தியபோது மத்தியஸ்தரை நோக்கி அவர் யாழ்ப்பாணத் தமிழிற் கூறியது அச்சிடத் தக்கதன்று.

கடைசி வாரம் வந்தது. வென்றாற் தப்பலாம் என்ற நிலையில் அவர்கள் 7 புள்ளிகளால் தோற்றனர். எட்டாம் இடத்துக் கழகமும் தோற்றதால் இரண்டும் ஒரே புள்ளியில் நின்றன. நூற்றுவீதம் பார்க்கப்பட்டது. மருமகனின் கழகம் ஒன்றுக்கும் குறைவான வித்தியாசத்தாற் கீழே சென்றது. இருபத்தைந்து வயது இளைஞர் பலர் சேற்றில் அமர்ந்து கண்ணீர் விட்டதை அன்று கண்டோம். காசும் பெயரும் இல்லாத ஆட்டத்துக்காக அழும் அவர்களைத் தமக்கையார் நெடுநேரம் பார்த்து நின்றார். பின்னர், எஞ்சிய தோடம்பழங்களை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் அவர்களிடம் சென்றார்.

இந்நகரத்தின் பழைய கதையொன்றை இங்கு கூறுதல் பொருந்தும். மெல்பேர்ண் பல்கலைக்கழகக் கழகம் 1859இல் தோன்றியது. 1908இல் அது பெரும் லீக்கிற் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் ஓரளவு நன்றாகவே ஆடியது. 1911இல் ஆட்டக்காரருக்கு ஊதியம் வழங்க லீக் அனுமதித்தது. பல்கலைக்கழகத்தாரோ கூலியின்றியே ஆடினர். அவர்களுக்குப் படிப்பும் பரீட்சையும் இருந்தன. முடிவு யாதெனில், கடைசியாக ஆடிய 51 ஆட்டங்களிலும் அவர்கள் தொடர்ந்து தோற்றனர். 1914இன் முடிவில் லீக்கை விட்டு நீங்கினர். அவ்வாண்டே தொடங்கிய பெரும் போரில் அவ்வணியின் இளைஞர் சிலர் உயிரிழந்தனர். எனினும் கழகம் மடியவில்லை. போருக்குப் பின் அமெச்சூர் சங்கத்திற் புகுந்து, இரண்டாகக் கிளைத்து, யூனிவேர்சிட்டி புளூஸ், யூனிவேர்சிட்டி பிளாக்ஸ் என்னும் பெயர்களுடன் இன்றும் ஆடிவருகின்றது. 51 முறை தோற்றவருக்கும் தமக்கேற்ற எதிரி இருக்கும் ஓர் இடம் கிடைத்தது, அதனாற் பிழைத்தனர்.

நாம் ஆசிரியத் தொழில் செய்பவர் ஆதலின் இந்தப் படிகளைப் பார்க்கும்போது எமது மாணவரை எண்ணாதிருக்க முடியவில்லை. நமது கல்லூரிகளிலும் விளையாட்டு உண்டு. பெரும் போட்டிகளுக்கு ஊரே திரள்வதும் உண்டு. ஆயின் முதலாம் அணியிற் பதினொருவர் ஆடுகின்றனர், எஞ்சியோர் கைதட்டுகின்றனர். உயர்தர வகுப்பை எட்டியதும் அப்பதினொருவரில் ஒருவனின் தந்தையார் வந்து, “சேர், பேரை வெட்டி விடுங்கோ, சோதினை வருகுது” என்கின்றார். கல்லூரியை விட்டபின் ஆடுபவர் மிகச் சிலர். பழைய மாணவர் சங்கங்கள் கொழும்பிலும் இலண்டனிலும் கட்டடத்துக்குப் பணம் சேர்க்கின்றன, அது நற்பணியே. முப்பது வயதுப் பழைய மாணவன் சனிக்கிழமை பிற்பகலில் ஆடுவதற்கு ஓர் அணியை அவை பெரும்பாலும் வைத்திருப்பதில்லை.

இதனால் எமது பிள்ளைகள் அறிந்த ஏணி ஒன்றே ஒன்றாகிவிட்டது. அது பரீட்சை ஏணி. பெறுபேற்றுத் தாளில் மாவட்ட நிலையும் தீவு நிலையும் எண்களாக அச்சாகி வருகின்றன. அந்த ஏணியில் ஒரு படி தவறியவனுக்கு, அடுத்த சனிக்கிழமை வா, உனக்குச் சமமானவர் இங்கு இருக்கின்றனர் என்று கூற எவருமில்லை. முடிவு வெளிவந்த நாள் தொடக்கம் படலையைத் தாண்டாமல் மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளை நாமறிவோம். அவர்கள் மூடர் அல்லர். தோற்றபின் எழுந்து நிற்பதற்கு அவர்களுக்குப் பழக்கம் இருக்கவில்லை. அப்பழக்கத்தைப் புத்தகம் கற்பிப்பதில்லை. ஏழு புள்ளிகளால் தோற்று, தோழரோடு சேர்ந்து அழுது, மறு வாரம் அதே சப்பாத்தைக் கழுவி மாட்டுவதனாலேயே அது வருகின்றது.

படிப்பைக் கைவிட்டு ஆடுக என்று நாம் கூறவில்லை; எமது மருமகனே தேர்ந்த கணக்காளன்தான். பெற்றோர் வாரத்தில் இரண்டு மாலைகளையும் ஒரு பிற்பகலையும் பிள்ளைக்கு விட்டுக் கொடுத்தாற் போதும். கல்லூரிகளும் பழைய மாணவரும் இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று சேர்த்து, அயலூரின் இரண்டாம் மூன்றாம் அணிகளோடு ஆட ஓர் அட்டவணை வகுத்தாற் போதும். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை; ஒரு பந்தும், ஒரு மத்தியஸ்தரும், தோடம்பழம் கீற ஒரு தாயும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும்.

நாம் ஊர் திரும்பிய சில மாதங்களின் பின் மருமகனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. புதிய பருவத்துக்கான பயிற்சி தொடங்கிவிட்டதாம். சென்ற ஆண்டிலும் பார்க்க அதிகம் பேர் வந்தனராம். கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது மனத்துக்குச் சங்கடமாக இல்லையா என்று கேட்டோம். அவன் சிரித்தான்.

“அங்கேயும் பந்து முட்டைதான் மாமா” என்றான்.