முதற்காசு பவர் சப்ளைக்கு

கொம்பியூட்டர் பொருத்தித் தரச் சொல்லி வருகிறவரிடம் நான் முதலில் காசைப் பற்றிக் கேட்பதில்லை. வீடு எந்தப் பக்கம், கறண்ட் கம்பி அந்த ஒழுங்கையில் எங்கே முடிகிறது, பக்கத்துத் தோட்டக் கிணற்றில் மோட்டர் ஓடுகிறதா, வயறிங் செய்தபோது ஏர்த் கம்பி அடித்தார்களா என்றுதான் கேட்பேன். கிளிநொச்சி நகருக்குள் வீடென்றால் ஒரு கணக்கு. தருமபுரத்துக்கு அப்பாலோ, துணுக்காயிலோ, ஒட்டுசுட்டான் பக்கமோ என்றால் வேறு கணக்கு. லைன் முடிகிற இடத்தில் இருக்கும் வீட்டுக்கு 230 வோல்ட் என்பது பேருக்குத்தான். பின்னேரம் மோட்டர்கள் எல்லாம் ஓடும்போது மீற்றர் வைத்துப் பார்த்தால் 190, 180 என்று இறங்கி நிற்கும்.

இந்த இறக்கத்தைத் தாங்குவது பவர் சப்ளை. ஆனால் வருகிறவர்கள் எழுதிக்கொண்டு வரும் துண்டில் அதன் பெயர் இருக்காது. புரொசெசர் இருக்கும், ராம் இருக்கும், மினுங்குகிற விசிறிகூட இருக்கும். பவர் சப்ளை கேசிங்கோடு சேர்ந்து சும்மா வருகிற சாமான் என்ற எண்ணம் எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. கேசிங்கோடு வருகிற அந்தப் பெட்டியின் மேல் 500 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதற்குக் கீழே உள்ள சின்னக் கட்டங்களைப் படிக்க வேண்டும். 12 வோல்ட் என்ற இடத்தில் 16 அம்பியர் என்று இருந்தால், பெருக்கினால் 192 வாட்ஸ். இன்றைய புரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அநேகமாக முழுவதும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான். மீதி வாட்ஸ் எல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று, நாம் அதிகம் தொடாத இடங்களில் எழுதிவைத்த கணக்கு. வயரைத் திருப்பிப் பார்த்தால் 20, 22 கேஜ் என்று மெல்லிய வயர் இருக்கும். நல்லதில் 18 கேஜ் போட்டிருப்பார்கள். கையில் தூக்கினாலே பாதி விளங்கிவிடும். உள்ளே செம்பும் வெப்பத்தகடும் இல்லாதது பாரம் இருக்காது.

எங்கள் லைனுக்கு இன்னுமொன்று பார்க்க வேண்டும். லேபலில் இன்புட் என்ற இடத்தில் 200 முதல் 240 என்று இருந்தால் அது இங்கே சரிவராது. 100 முதல் 240 என்று இருந்தால், மோட்டர் ஓடினாலும் அது அசையாமல் நிற்கும். அக்டிவ் பிஎப்சி உள்ள பவர் சப்ளைகளில் பெரும்பாலும் இந்த அகல இன்புட் வரும். ஒன்றரை லட்சத்துக்கு ஒரு மெஷின் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கை நான் இதற்கே ஒதுக்கிவிடுவேன். அதற்காகப் புரொசெசரை ஒரு படி இறக்கவும் தயங்கமாட்டேன். புரொசெசர் மெதுவாக இருந்தால் பிள்ளை கொஞ்சம் காத்திருக்கும். மட்டமான பவர் சப்ளை போகும்போது மதர்போட்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.

"அண்ணை, கேசிங்கில கை வச்சா கிர்ரெண்டுது" என்ற முறைப்பாடு கோடை தொடங்கியதும் வந்துவிடும். மெஷின் பழுதில்லை. பவர் சப்ளைக்குள், இரைச்சலை வடிப்பதற்காக லைனுக்கும் கேசிங்குக்கும் இடையே ஒன்று, நியூட்ரலுக்கும் கேசிங்குக்கும் இடையே ஒன்று என்று சின்னக் கப்பாசிட்டர்கள் இருக்கும். ஏர்த் இருந்தால் அவற்றின் கசிவு நிலத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230இன் பாதி, 115 வோல்ட் அளவில் கேசிங்கிலேயே நிற்கும். கறண்ட் மிகச் சிறியது என்பதால் ஆளுக்கு உறைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த நிலையில் மொனிட்டர் வயரையோ பிரிண்டர் வயரையோ செருகினால் போர்ட் எரிய வாய்ப்புண்டு. போருக்குப் பின் சனம் மீள்குடியேறிய வீடுகள் பலவற்றில் கம்பி அடித்திருந்தாலும், ஆடி ஆவணியில் மண் காய்ந்து இறுகும்போது அது வேலை செய்வது குறைந்துவிடும். கம்பியடியில் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் மல்டிபிளக்கில் திணித்து வைத்திருந்தால் அதை முதலில் மாற்றச் சொல்வேன். கொம்பியூட்டருக்கு ஒதுக்கிய காசில் ஒரு சிறு பகுதி இப்படிச் சுவருக்கும் நிலத்துக்கும் போவதைப் பலர் வீண்செலவாக நினைக்கிறார்கள். எனக்கு அது பட்டியலின் முதல் வரி.

கொழும்பில் என்னைப் போன்ற ஒருவருக்கு இல்லாத சிக்கல் ஒன்று இங்கே உண்டு. அங்கே காசு குறைவாக உள்ளவர் பழைய கேசிங்கை, பழைய மொனிட்டரை, அண்ணன் பாவித்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவந்து மீதியை மட்டும் வாங்குவார். இங்கே வன்னியில், போர் நடந்த தொண்ணூறுகளில் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகுதான் கொம்பியூட்டர்கள் இங்கே ஓரளவு வரத் தொடங்கின. வன்னிடெக் போன்ற கணினிப் பயிற்சி நிலையத்தில் பிள்ளைகள் படித்தார்கள். 2006இல் பாதை மூடியது. 2009இல், போரின் முடிவில், சனம் உடுத்த உடுப்போடு முகாமுக்குப் போனது. ஆகவே இங்கே எந்த வீட்டு இலாச்சியிலும் பழைய பாகம் என்று ஒன்று கிடையாது. கீபோட் முதல் எல்லாமே காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால்தான் வாங்குகிற ஒவ்வொன்றும் அடுத்த மெஷினுக்கும் உதவுமா என்று நான் பார்க்கிறேன். நல்ல கேசிங்கும் பவர் சப்ளையும் மொனிட்டரும் இரண்டு புரொசெசர்களின் ஆயுளைத் தாண்டி நிற்கும்.

பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற கையோடு, மாசி பங்குனியில்தான் எங்களுக்கு வியாபாரம். அப்படி ஒரு நாள் வட்டக்கச்சியில் இருந்து ஒரு தாய், உயர்தரம் படிக்கும் மகளோடு வந்தார்.

"தம்பி, பிள்ளைக்கு ஒரு ஐ7 போட்டுத் தாங்கோ."

"என்ன படிக்கிறா அக்கா?"

"ஐசிடி. ஐ7தான் நல்லதெண்டு ரியூசனிலை சொன்னவையாம். வேற கடையில புதுசா ஐ7 ஒண்டு எழுபதுக்குத் தரலாமாம்."

அந்த விலைத்துண்டை வாங்கிப் பார்த்தேன். ஐ7 என்றது இரண்டாம் தலைமுறை. மதர்போட் எச்61. பெட்டி புதிது, பிளாஸ்டிக் உறை புதிது, உள்ளே இருக்கும் சிப்செட் 2011இல் வந்தது. இப்படிப் பழைய சிப்செட்டைப் புதிய போட்டில் ஒட்டி இன்னமும் விற்கிறார்கள். அதில் எம்.2 எஸ்எஸ்டி போட இடம் இருந்தாலும் முழு வேகம் வராது. சாட்டா போர்ட்கூட பழைய 3 கிகாபிட் வேகத்தில்தான். 12ஆம் தலைமுறை ஐ3 ஒன்று, நாலு கோரோடு, அந்த ஐ7ஐ எல்லா வேலையிலும் முந்திவிடும். முன்னாலுள்ள ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருட வகுப்புக்குள் கிடைத்த இடம். எந்த வகுப்பு என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். இதை அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தியபோது தாயைவிட அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

உயர்தர ஐசிடிக்குப் பைதன், எச்டிஎம்எல், டேட்டாபேஸ், கொஞ்சம் வலைப்பின்னல். இதற்குப் புது மெஷினே தேவையில்லை. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்து வருகிற டெல், எச்பி மெஷின்களில் 8ஆம் தலைமுறை ஐ5 ஒன்று போதும். அதற்குள் இருக்கும் பவர் சப்ளை, கடையில் மலிவாக விற்கும் புதியதைவிட எத்தனையோ மடங்கு நேர்மையானது. ஒரு குறை, அந்தப் பவர் சப்ளையின் பிளக் அந்தக் கொம்பனிக்கே உரியது. பழுதானால் சாதாரணமானதை அப்படியே மாட்ட முடியாது. ஏன் 8ஆம் தலைமுறை என்று கேட்பார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கிறது. 6ஆம், 7ஆம் தலைமுறை மெஷின்கள் பார்வைக்கு அதே பெட்டிதான், விலையும் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சத்துக்கு ஆசைப்படக் கூடாது. தாய் கொண்டுவந்த காசில் அந்த மெஷினும், ஒரு நல்ல மொனிட்டரும், 650 விஏ யூபிஎஸ்ஸும் அடங்கின.

அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்கு வரும் பிள்ளைகளின் தேவை வேறு. ஓட்டோகேட், சொலிட்வேர்க்ஸ், மட்லாப் என்று வருவார்கள். காசு ஒரேயடியாக இருக்காது. சீட்டு விழும்போது கொஞ்சம், மஹாபொல உதவிப்பணம் வரும்போது கொஞ்சம். இவர்களுக்குப் பொருத்துவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை, ஏனென்றால் முழு மெஷினையும் முதல் நாளே முடிக்கத் தேவையில்லை. ரைசன் 5 5600ஜி எடுத்தால் ஆறு கோர், கிராபிக்ஸும் உள்ளேயே. பின்னால் உள்ள அந்த ஜி முக்கியம். ஜி இல்லாத 5600இலும், எப் என்று முடியும் இன்டெலிலும் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் திரையில் படமே வராது. மலிவு என்று அதை வாங்கிவந்து மொனிட்டர் பழுது என்று நினைக்கிறவர்கள் உண்டு.

ராமில்தான் வாக்குவாதம். 16 கிகாபைட்டை ஒரே துண்டாகப் போட்டால் மற்ற ஸ்லொட் பிறகுக்கு மிஞ்சும். ஆனால் உள் கிராபிக்ஸ் தன் வேலைக்கு ராமைத்தான் பாவிக்கிறது. ஒற்றைத் துண்டில் அதற்குப் பாதி வழிதான் திறக்கும், சொலிட்வேர்க்ஸில் மொடலைச் சுழற்றும்போது அது தெரியும். இரண்டு 8 போட்டால் வேகம் வரும், இரண்டு ஸ்லொட் போட் என்றால் இடம் நிறைந்துவிடும். நான் நாலு ஸ்லொட் உள்ள பி550 போட்டுக்குப் போய்விடுவேன். விலை கொஞ்சம் கூட. அதை ஈடுகட்ட எஸ்எஸ்டியை 500 கிகாபைட்டில் நிறுத்துவேன், கண்ணாடிக் கேசிங்கை வெட்டுவேன். பவர் சப்ளையை மட்டும் 550 வாட்ஸ், கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டுப் பின் வயரோடு, முதல் நாளே போட்டுவிடுவேன். கார்ட் இரண்டு வருடம் கழித்து வந்தாலும் வரட்டும்.

விலையைப் பிடித்து வைக்க முடியாத தொழில் இது. 2022இல் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் மூன்று மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்தப் பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினார்கள். யூபிஎஸ்களின் லெட் அசிட் பற்றரிகள் தினமும் அடிமட்டம்வரை வற்றிச் செத்தன. 2024 தை முதல் வற் வரி 18 வீதம். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரிச் சிப்பை எல்லாம் அள்ளத் தொடங்க, ராம் விலை எகிறியது. அன்றிலிருந்து நான் கொடுக்கும் விலைத்துண்டில் ராமை மட்டும் தனியாக, அன்றைய விலை என்று எழுதுகிறேன்.

கேசிங் தெரிவில் நான் பிடிவாதக்காரன். முன்பக்கம் கண்ணாடி உள்ளது காற்றை அடைக்கும். வலை போட்டது காற்றோடு எங்கள் செம்மண் தூசியையும் இழுக்கும். வலையும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடியும் இரண்டும் உள்ளதைத்தான் தேடுவேன். சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் வீதியோர வீடுகளில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அந்த வடியைத் தட்ட வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரமென்றால் உப்புக்காற்று ராமின் தங்கப் பல்லையும் மங்கவைக்கும். மாரி தொடங்கியதும் சிற்றெறும்பு இளஞ்சூடு தேடிக் கேசிங்குக்குள் முட்டை வைக்கும். பின்பக்கத்து வெறும் ஸ்லொட்டுகளின் தகடுகளைக் கழற்றி எறியாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

பாகம் பழுதானால் வொரண்டிக்குப் பெரும்பாலும் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று போய் வாங்குகிறவர்கள், போய்வரும் செலவையும், திரும்ப ஒருமுறை போக நேர்ந்தால் ஆகும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். நான் தபாலில் பெற்று மாற்றித் தருகிற ஏஜென்ட் உள்ள சாமானையே எடுக்கிறேன், அது சில ஆயிரம் கூடவாக இருந்தாலும்.

பில்லின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்பது வழக்கம். எந்த ராம் ஸ்லொட்டுகள் வெறுமையாக உள்ளன, போட்டிருக்கும் ராம் எந்த வகை, எந்த வேகம், பவர் சப்ளையில் மீதி எத்தனை வாட்ஸ், அடுத்ததாக எதை வாங்கலாம், எதை வாங்கினால் இந்தப் போட்டில் வேலை செய்யாது. அதைக் கேசிங்கின் உட்தகட்டில் ஒட்டியும் விடுவேன். பிள்ளை வவுனியாவிலோ புதுக்குடியிருப்பிலோ வேறொரு கடையில் திறந்தாலும், திறக்கிறவர் அதைப் படித்துவிட்டு மேற்கொண்டு பொருத்தலாம்.