பிறவிக் குற்றவாளி!

குற்றவியல் பயிலப் புகுந்தோம் நாம். "திருடனைப் பற்றிப் படிக்க ஒரு படிப்பா?" என்று உற்றார் நகைத்தனர். "அவனவன் தலையெழுத்து, அதற்கு நூல் எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் முடிவே கட்டிவிட்டார். எழுதியவன் யார், எழுதக் கண்டவர் யார் என்று கேட்டுப் பழகிய நமக்கு அம்முடிவு போதவில்லை, படித்தோம். படிக்கப் படிக்க ஒன்று விளங்கிற்று. தலையெழுத்துக் கொள்கை நம்மூர்த் திண்ணையில் மட்டும் குடியிருக்கவில்லை. மேனாட்டு ஆய்வுக்கூடத்திலும் அங்கி அணிந்து அமர்ந்திருந்தது!

இத்தாலிய மருத்துவர் லாம்புரோசோ 1876-ல் ஒரு நூல் வெளியிட்டார். கொள்ளையன் எனப்பட்ட ஒருவனது மண்டையோட்டில் தாம் கண்ட பள்ளத்தைச் சான்றாக்கி, குற்றவாளி பிறவியிலேயே அமைகிறான் என்றார். பெருத்த தாடை, நீண்ட கை, புடைத்த காது ஆகியவை குற்றத்தின் முத்திரைகளாம்! நம்மவர் போற்றும் சாமுத்திரிகா இலட்சணத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே ஏடு, இங்கே அளவுகோல், அவ்வளவே!

ஆனால், அறிவியலுக்கு ஒரு பெருமை உண்டு. தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்ல்ஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மாணவரோடும் படைவீரரோடும் ஒப்பிட்டார். குற்றவாளிக்கெனத் தனி உடலமைப்பு ஏதுமில்லை என்று 1913-ல் அறிவித்தார். அளவுகோல் தோற்றது.

பிறப்பின்மீது பழி சுமத்தும் எண்ணம் தோற்றதா? லாம்புரோசோவின் நூல் வெளிவருமுன்பே, 1871-ல், ஆங்கில ஆட்சி இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றியது. அதற்குக் காட்டப்பட்ட நியாயம் யாது? நெசவும் தச்சும் இங்கே குலத்தொழில். ஆகவே குற்றமும் சிலருக்குக் குலத்தொழில் என்பதே! ஐரோப்பாவில் மண்டையோடு செய்த வேலையை இங்கே வருணாசிரமம் செய்து கொடுத்தது!

1911-ல் அச்சட்டம் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கைரேகைச் சட்டம் என்றனர் மக்கள். திருடியவன் ரேகையையா பதிந்தனர்? குறிப்பிட்ட குலத்தில் பிறந்தவன் ரேகையைப் பதிந்தனர். மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை தர மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசிற்று. பெண்ணொருத்தி உட்பட 10-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடெங்கும் 1952-லும் அச்சட்டம் ஒழிந்தது.

பிறப்பில் இல்லையெனில் குற்றத்தின் வேர் எங்கே? அமெரிக்க ஆய்வாளர் ஷாவும் மக்கேயும் சிகாகோ நகரத்து இளங்குற்றவாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளியிட்டனர். ஆலைகளை ஒட்டிய, வறுமை மண்டிய பகுதிகளிலே புள்ளிகள் குவிந்தன. ஓர் இனத்தார் வெளியேற, வேறோர் இனத்தார் குடியேறினர். குற்ற விகிதமோ அதே பகுதியில் உயர்ந்தே நின்றது. 1942-ல் வெளியான அந்நூலைப் படித்தபோது நாம் கேட்டோம்: குற்றம் குருதியில் இருந்தால், குடிபெயர்ந்தவருடன் அதுவும் பெயர்ந்திருக்க வேண்டாமா?

அப்படியானால், வறுமையே குற்றத்தின் தாய் என்று முடித்துவிடலாமா? அதுவும் ஆகாது. சதர்லாந்து என்னும் அறிஞர் 70 பெரிய அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து, அவற்றுக்கு எதிராக நீதிமன்றங்களும் ஆணையங்களும் அளித்த 980 முடிவுகளைத் திரட்டினார். அங்கே பசித்தவன் யார்? குற்றம் பழகுவோரிடமிருந்து கற்கப்படுவது என்றார் அவர். ஆனால் 1949-ல் நூல் வெளிவந்தபோது நிறுவனங்களின் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன; 1983-ல்தான் பெயர்களுடன் முழுநூல் வந்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பிறந்ததற்காக ஏழையின் பெருவிரல் பதிவேட்டில் ஏறியது. 980 முடிவுகளுக்குப் பின்னும் செல்வரின் பெயர் அச்சேறவில்லை!

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட இயலாது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லா என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் செத்து 72 ஆண்டுகளாகியும் அதன் நிழல் சிறைக் கொட்டடியில் உலவிற்று!

பிறவிதான் காரணமெனில் தண்டிப்பதன்றிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கற்றதே காரணமெனில் பள்ளி உண்டு, தொழில் உண்டு, நல்ல தெரு உண்டு. நமக்கு நிறையப் பணி உண்டு. ஊரில் ஒரு பொருள் களவுபோனதும், "இன்ன சாதிக்காரன்தான் எடுத்திருப்பான்" என்று எவரேனும் சொன்னால், "சான்று எங்கே?" என்று கேளுங்கள். அக்கேள்வியில் தொடங்குகிறது குற்றவியல்!