தண்ணீருக்குள் கேட்கும் அலை

மாதிரி நீர்மூழ்கி கட்டக் கிளம்பும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "புது ரிமோட் வாங்காதே, பழைய ரிமோட்டைத் தேடு." காரணம் மட்டும் யாரும் சொல்வதில்லை. ஜொகூர் பாருவில் என் அக்கா மகனிடம் இதைச் சொன்னவர், ட்ரோன் உதிரிப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்காரர். அவரிடம் வேறொருவர் சொல்லியிருந்தார். "ஏன் மாமா, புதுசுதானே நல்லா வேலை செய்யணும்?" என்று பையன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. அந்த அறிவுரை எங்கே பிறந்தது என்று அன்று தேட ஆரம்பித்தேன்.

பழைய செய்முறை நூல்களில் இருக்கும் என்று நினைத்தேன். 2000க்கு முன் வந்தவற்றில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் புரட்டினேன். உடலைத் தண்ணீர் புகும்படி விட்டு, மோட்டாரையும் மின்கலத்தையும் மட்டும் ஒரு குழாய்க்குள் அடைத்து, இரு முனைகளையும் ரப்பர் வளையத்தால் இறுக்கும் முறை விரிவாக இருந்தது. படகை மூழ்கவும் மிதக்கவும் வைக்கும் பேலஸ்ட் தொட்டியும் இருந்தது. ஊசி போடும் சிரிஞ்சைத் திருகு கம்பியால் இழுத்துத் தள்ளினால் போதும். 60 மில்லி சிரிஞ்சு நிரம்பினால் படகின் எடை 60 கிராம் கூடும், அது மூழ்கும். வெளியே தள்ளினால் மிதக்கும். எல்லாம் இருந்தன, ரிமோட்டைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் இல்லை.

இல்லாததற்குக் காரணம் பிறகுதான் புலப்பட்டது. அந்த நூல்களை எழுதியவர்கள் காலத்தில் எல்லா ரிமோட்டும் பழைய ரிமோட்தான். 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளே அவர்கள் கையில் இருந்தன. 2005 வாக்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் பொழுதுபோக்குக் கடைகளுக்கு வந்தன. விமானம் பறக்கவிடுவோருக்கு அது பெரிய விடுதலை. அதுவரை ஒவ்வொருவரும் தம் பெட்டிக்குள் அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஒரு கிரிஸ்டல் செருகியிருப்பார்கள். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் இயக்கினால் ஒரு விமானம் தரையில் விழும். புது முறையில் அந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் ரிசீவரை மட்டும் அடையாளம் கண்டு பேசும். சில ஆண்டுகளில் கிரிஸ்டல் பெட்டிகள் அலமாரியிலிருந்து இறங்கிவிட்டன. ஆகாயத்தில் ஓட்டுபவர்களுக்கும் தரையில் ஓட்டுபவர்களுக்கும் இழப்பில்லை. தண்ணீருக்குள் ஓட்டுபவர்களுக்கு மட்டும் தொழிலே நின்றது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. சோற்றில் உள்ள நீர் அலையை உறிஞ்சுவதால்தான் சோறு சுடுகிறது. நல்ல தண்ணீரில்கூட மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு ஒருமுறை அலையின் வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 40 மெகாஹெர்ட்ஸ் அலையோ குளத்துத் தண்ணீரில் சில மீட்டர் வரை இறங்கும். ஆக, அந்த அறிவுரைக்கு வயது இருபது ஆண்டு சொச்சம்தான். அந்தக் காலத்தில் தேவைப்படாததால் எவரும் எழுதி வைக்காத ஒரு விஷயம், காலம் மாறியதும் காரணத்தை இழந்து வாய்மொழியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் விதியை மட்டும் கொடுத்துக் காரணத்தைக் கொடுக்காமல் விடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. காரணம் தெரிந்த பிள்ளை அடுத்த சிக்கலைத் தானே தீர்த்துக்கொள்ளும்.

தேடல் அங்கே நிற்கவில்லை. கம்பியில்லாமல் ஒரு படகை இயக்கிக் காட்டிய முதல் மனிதர் நிக்கோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டித் தண்ணீரில் மிதந்த ஒரு சிறிய படகின் சுக்கானையும் விளக்குகளையும் எட்ட நின்று இயக்கினார். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி காப்புரிமையும் பெற்றார். மாதிரிப் படகு ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அதுவே தொடக்கம்.

மெய்யான நீர்மூழ்கிகளோ வெகுகாலம் மூழ்கிய பிறகு செவிடாகவே இருந்தன. அதற்கு நம் ஜொகூர் நீரிணையே சாட்சி. 1945 ஜூலை 31ஆம் தேதி, எக்ஸ்இ3 என்ற பிரிட்டிஷ் குட்டி நீர்மூழ்கி, சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தருகே நீரிணையில் நங்கூரமிட்டிருந்த தக்காவோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் அடியில் நுழைந்தது. நீளம் சுமார் 16 மீட்டர், உள்ளே நால்வர். தலைவர் இயன் ஃபிரேசர். வெளியே சென்று காந்த வெடிகளை ஒட்டியவர் பெல்ஃபாஸ்ட்காரர் ஜேம்ஸ் மெகெனிஸ். கப்பலின் அடிப்பாகம் முழுக்கக் கொட்டலசு படிந்திருந்ததால் காந்தம் பிடிக்கவில்லை. அவர் கத்தியால் சுரண்டிச் சுரண்டி வெடிகளைக் கட்டினார். ஓதம் வற்றும் நேரம். கப்பல் தாழ்ந்து நீர்மூழ்கியை அடியில் அழுத்திப் பிடித்தது. முன்னும் பின்னும் அசைத்து அசைத்துத்தான் விடுபட்டார்கள். பிறகு வெடிப்பெட்டி ஒன்று கழலாமல் தொங்கியது. களைத்துப் போயிருந்த மெகெனிஸ் மறுபடி இறங்கி அதைக் கழற்றினார். இருவருக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது. அத்தனை நேரமும் ஆணையிடவோ எச்சரிக்கவோ மேலிருந்து ஒரு சொல்கூட அவர்களை எட்ட வழியில்லை. அதே நாளில் அதே வகைக் குட்டி நீர்மூழ்கியான எக்ஸ்இ4 சைகோனுக்கு வெளியே கடலடித் தந்திக் கம்பிகளை வெட்டியது. ஜப்பானியர் கம்பியை விட்டு வானொலிக்கு மாறினால் ஒட்டுக் கேட்கலாம் என்பதே திட்டம்.

மூழ்கிய கப்பலுக்குச் செய்தி அனுப்பும் வழி அலைவரிசையைக் கீழே கீழே இறக்குவதில் இருந்தது. அந்த வழி என்னைக் கொண்டு போய் நிறுத்திய இடம் திருநெல்வேலி மாவட்டம், விஜயநாராயணம். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வருமுன் வாழ்ந்த நாங்குநேரிக்குப் பக்கத்து ஊர். அங்கே இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் இயங்குகிறது. அதன் கோபுரங்களில் மிக உயரமானவை 471 மீட்டர். இந்தியாவில் அதைவிட உயரமான கட்டமைப்பு இல்லை. அலை சுமார் 18 கிலோஹெர்ட்ஸ், ஓர் அலையின் நீளம் 16 முதல் 17 கிலோமீட்டர். அதனால்தான் அவ்வளவு பெரிய கோபுரங்கள். உப்புநீரிலும் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கி அதைக் கேட்கும். ஆனால் பதில் சொல்லாது, சொல்லவும் இயலாது. அவ்வளவு பெரிய கோபுரத்தைக் கப்பல் சுமக்க முடியாதே. பையனின் படகும் அப்படியே கேட்கும், கேட்டதைச் செய்யும், அவ்வளவுதான். கட்டபொம்மன் பெயர் தாங்கிய நிலையத்துக்கும் பிவிசி பைப்பில் பிறந்த பொம்மைக்கும் ஒரே விதி என்று கண்டபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

உப்பு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் 40 மெகாஹெர்ட்ஸ் அலைகூட அதில் நான்கு சென்டிமீட்டருக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்காகிவிடும். எடைக் கணக்கும் பிசகும். குளத்தில் சரியாக மூழ்கும் நான்கு கிலோப் படகுக்குக் கடலில் இன்னும் நூறு கிராம் பாரம் ஏற்ற வேண்டும். "கடலில் விடாதே" என்ற அடுத்த அறிவுரைக்கு இவையே காரணங்கள். சமிக்ஞை அறுந்ததும் தொட்டியைத் தானே காலி செய்து படகை மேலே கொண்டுவரும் பாதுகாப்பு ஏற்பாட்டை முதல் நாளே பொருத்தச் சொல்வதும் இதனால்தான்.

பையன் சும்மா கேட்டு நம்புகிறவன் இல்லை. சுக்கானை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ ஒன்றையும் ரிசீவரையும் கண்ணாடி ஜாடிக்குள் அடைத்து, கல் கட்டி, தோட்டத்துக் குட்டையில் கயிற்றில் இறக்கினான். நான் எட்ட நின்று ரிமோட்டை அசைத்தேன். புது ரிமோட்டுக்கு ஒரு முழம் இறங்கும் முன்பே சர்வோ நின்றுவிட்டது. பழைய 40 மெகாஹெர்ட்ஸ் பெட்டிக்குக் குட்டையின் அடிவரை ஆடியது. பிறகு பாசிர் கூடாங் பக்கம் கம்போங் பாசிர் பூத்தேயின் படகுத்துறையில் அதே ஜாடியை நீரிணைக்குள் இறக்கினோம். அங்கே பழைய பெட்டிக்கும் முழங்கை ஆழத்தில் சர்வோ நின்றது.

இவற்றையெல்லாம் காரணத்தோடு தமிழில் எழுதி, பையனோடு சேர்ந்து கட்ட வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அவனோ அடுத்த வேலையில் இறங்கிவிட்டான். மெய்யான நீர்மூழ்கிகள் மிதக்கும் ஆண்டெனாவைக் கம்பியில் இழுத்துச் செல்வதைப் படித்தவன், தூண்டில் மிதவை ஒன்றில் ஆண்டெனாவை ஏற்றி, மெல்லிய கம்பியால் படகோடு இணைக்கிறான். மிதவை மேலேயே இருக்கும், படகு கீழே போகும். அப்படியானால் புது ரிமோட்டும் செல்லும், உப்புநீரும் தடையில்லை. கம்பி சுழலியில் சிக்காமலிருக்க எந்த இடத்தில் கட்டுவது என்பதுதான் இப்போது எங்கள் விவாதம்.